விளக்கெண்ணெய்ச் சனிக்கிழமை

அன்றைக்கு யோகம்மாவின் இடது கண் திறக்கவில்லை. இமை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டு, பீங்கான் உரலில் உறையவைத்த ஆமணக்குப் பருப்பை இடித்துக்கொண்டிருந்தாள். உரலிலிருந்து வெண்புகை வழிந்து மேசையெல்லாம் பரவியது.

யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. அது எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் தெருநாய்க்கும் தெரியும். "எதால அடிச்சான்?" என்றுதான் கேட்டேன்.

"டெலிபோன்," என்றாள். "காதுல வச்சுப் பேசுறதுதான்."

இடிப்பதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பருப்பு இளகிவிடும், இளகினால் அன்றைய வேலை பாழ். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையை அவள் புருஷன் மண்டையில் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. அவன் அங்கே இல்லை. குடுவையைக் கழுவி அடுக்கினேன்.

இது தொண்ணூற்று நாலாம் வருஷம். கெலுகோரில் ஓர் ஆய்வுக்கூடம். கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, நீராவியில் வேகவைத்து எடுத்து வைப்பது என் வேலை. என் பெயர் மஹ்பூபா. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். பக்கத்து மேசை யோகம்மாவுக்கு வாயே கிடையாது. எங்கள் இருவருக்கும் மேலே டாக்டர் கனகசுந்தரம். மருத்துவ டாக்டர் இல்லை, செடி டாக்டர்.

விளக்கெண்ணெய் மட்டும் ஏன் மற்ற எண்ணெய் மாதிரி இல்லை என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், செம்பனை எண்ணெய் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே கொழுப்பு அமிலங்கள்தான், அளவுதான் கூடக் குறைய. ஆமணக்கு மட்டும் அப்படி ஒரு சாதாரண அமிலத்தைப் பிடித்து, அதன் நடுவில் ஒரு சின்னக் கொக்கியை மாட்டிவிடுகிறது. அந்த ஒரு கொக்கியால்தான் எண்ணெய் பாகு மாதிரி ஆகிறது, குடித்தவன் குடலைப் பிடித்து உலுக்குகிறது, விமான எஞ்சினுக்குக்கூட ஊற்றலாம் என்கிற அளவுக்குக் குணம் மாறிவிடுகிறது. கொக்கியை மாட்டச் சொல்லும் மரபணு எது? அதைப் பிடித்துச் செம்பனையில் வைத்துவிட்டால் நம் நாட்டுக்கே விடிவுகாலம் என்று டாக்டர் கனவு கண்டுகொண்டிருந்தார்.

மரபணு பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால், அது பேசிக்கொண்டிருக்கும்போதே விதையைப் பிடிக்க வேண்டும். காய் முற்றிவிட்டால் பேச்சு ஓய்ந்துவிடும். அதனால் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த ஆமணக்குத் தோட்டத்தில் பூவுக்குப் பூ மகரந்தம் தடவி, நாளுக்கு ஒரு நிறமாய் நூல் கட்டி, காய் இளசாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். முள்தோலைப் பிளந்து, உள்ளே பால்நிறத்தில் இருக்கும் பருப்பை உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். உறைந்த பருப்பு கூழாங்கல் மாதிரி இருக்கும். யோகம்மா அதை ஓங்கி ஓங்கி இடிப்பாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு இவள் ஏன் வாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறை ஸ்டேஷனில் ரயில்வே கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடைசி மகள் யோகம்மா. அவர்கள் ஆட்களில் கிளார்க் வீட்டுப் பெண் கிளார்க் வீட்டுக்குத்தான் போவாள். அப்படித்தான் கதிர்காமநாதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கலியாணமான முதல் வாரமே இடியப்பம் ஆறிப்போனதென்று தட்டு பறந்து வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. அந்தத் தழும்பின் மேல்தான் பொட்டு வைப்பாள். பிறகு கழுத்தெலும்பு, பிறகு ஒரு கடைவாய்ப்பல். மகன் வயிற்றில் இருந்தபோது மட்டும் அவன் கன்னத்தோடு நிறுத்திக்கொண்டானாம். அதைக்கூட அவள் ஒரு நல்ல காலம் மாதிரித்தான் சொன்னாள்.

வெளியில் அவனைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று விரல் திருநீறு. கோயில் கமிட்டியில் செயலாளர். தேவாரம் பாடினால் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். பஸ்ஸில் சீனக் கிழவிக்கு எழுந்து இடம் கொடுப்பான். வீட்டில் புலி, வெளியில் எலி என்று சும்மாவா சொன்னார்கள்? ஊருக்கு அந்த எலியைத்தான் தெரியும். டாக்டரும் அதே கமிட்டிதான். "கதிர்காமநாதனா? தங்கமான மனுஷன்," என்பார், யோகம்மா ஒற்றைக் கண்ணோடு எதிரே நிற்கும்போதே.

அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கதிர்காமநாதன் என்னை உட்காரவைத்து, தானே மைலோ கலக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, நான் மைலோ குடிக்க வரல," என்றேன். "இன்னொரு தடவ அவ மேல கை வச்சீங்கன்னா உங்க ஒப்பீஸுக்கே வந்து எல்லார் முன்னுக்கும் கேப்பேன் லா."

அவன் முகம் சுளிக்கவில்லை. "புருஷன் பொஞ்சாதின்னா இதெல்லாம் இருக்கிறதுதானே, தங்கச்சி. அடிக்கிற கைதான் அணைக்கும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

எந்தப் பெரியவர் சொன்னாரென்று தெரிந்தால் அவரையும் ஒரு கை பார்த்திருப்பேன். கதிர்காமநாதன் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, சாலையில் கெரெத்தா வேகமாக வரும், பார்த்துக் கடக்கச் சொன்னான். கதவைச் சாத்தினான். இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினானாம்.

மறுநாள் யோகம்மா நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தாள். முதுகு சாய முடியவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கிள் பட்ட இடமெல்லாம் தோல் கிழிந்து துணி ஒட்டிக் கிடந்தது. மருந்து போடும்போது நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. அவள் கவலை வேறு.

"நித்தி பாத்துக்கிட்டே இருந்தான்கா," என்றாள். "முந்தியெல்லாம் அழுவான். ஓடி வந்து காலப் பிடிப்பான். நேத்து சும்மா நின்னு பாத்தான்."

நித்தி என்கிற நித்தியானந்தன் அவளுடைய மகன். அப்போது வயது பதினைந்து. அடுத்த மாதம் தங்கச்சி அருந்ததி அவன் சைக்கிளை எடுத்து விழுந்து கீறிவிட்டாள். யோகம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாளாம். பையன் கத்தவில்லை. எழுந்து போய் முதலில் சன்னலைச் சாத்தினான். பிறகுதான் வந்து அந்தப் பிள்ளையைப் புறங்கையால் அறைந்தான். சன்னலைச் சாத்திவிட்டு அடிப்பது தகப்பனுடைய பழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. யோகம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவளுக்கு வாழ்க்கையில் ஒரே கேள்விதான். இவன் அப்பனாக ஆகிவிடுவானா? தன் எலும்பு எத்தனை உடைந்தாலும் அவளுக்குப் பெரிதில்லை, இந்த ஒன்று கூடாது. ஒருநாள் தோட்டத்தில் வைத்து டாக்டரிடமே கேட்டுவிட்டாள்.

"டாக்டர், அடிக்கிற குணத்துக்கும் ஜீன் இருக்குமா?"

அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "மனுஷனப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. செடியப் பத்தித்தான் தெரியும்." ஓர் ஆமணக்கிலையைக் கிள்ளி அவள் கையில் கொடுத்தார். "நாம தேடுற ஜீன் இந்த இலையிலயும் இருக்கு. வேர்லயும் இருக்கு. ஆனா இலையப் பிழிஞ்சா வெளக்கெண்ணெய் வருமா? வராது. இங்க அது வாயே தொறக்காது. விதைக்குள்ள மட்டும், அதுவும் ஒரு காலம் வந்தாத்தான், ஏதோ ஒன்னு அதத் தட்டி எழுப்புது."

"எது எழுப்புது?"

"அதெல்லாம் தெரிஞ்சா நான் ஏன்மா இந்த வெயில்ல நிக்கிறேன்?"

சாப்பாட்டு நேரத்தில் யோகம்மா என்னிடம், "இருந்தா இருந்துட்டுப் போகட்டும்கா. எழுப்பாம விட்டுட்டாப் போதும், இல்ல?" என்றாள். அவள் அப்படி நம்பிக்கையோடு பேசி நான் கேட்டதே இல்லை.

பையனை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். ஈப்போவில் அவள் அண்ணன் வீடு இருந்தது, அங்கே தங்கிப் படிக்கட்டும் என்று புருஷனிடம் கேட்டாள். அவள் பேசி முடிக்கும்வரை கதிர்காமநாதன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவள் வலது கையைப் பிடித்து, கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினான். இரண்டு விரல் முறிந்தது. அதன்பிறகு இடது கையால் இடிக்கப் பழகிக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்தில், ஆகஸ்ட் வாக்கில், வெளிநாட்டு இதழ் ஒன்று வந்தது. டாக்டர் நின்றபடியே அதைப் படித்தார். எங்கள் பக்கம் திரும்பி, செத்த வீட்டில் சேதி சொல்கிற குரலில் சொன்னார்: "புடிச்சிட்டாங்க. அமெரிக்காவுல. நாம தேடினதத்தான். எல்லாச் செடியிலயும் இருக்கிற ஒரு சாதாரண ஜீனுக்கு அது கூடப்பொறந்ததாம். பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் கொஞ்சந்தானாம்."

இதழை மெல்ல மூடி மேசைமேல் வைத்தார். அடுத்த நிமிஷம் குடுவை ஒன்று சுவரில் போய் வெடித்தது. அதற்கடுத்து இன்னொன்று. நான் கழுவி அடுக்கியதையெல்லாம் ஒரே வீச்சில் கையால் வாரித் தரையில் தள்ளினார். நைட்ரஜன் பாத்திரத்தை உதைத்தார், அது உருண்டு தரையெல்லாம் புகைந்தது. நாற்காலியைத் தூக்கி மேசையில் அறைந்தார், கால் முறியும்வரை. ஈயை விரட்டக்கூட யோசிக்கிற மனுஷன்! கையில் ரத்தம் ஒழுக மூச்சு வாங்கி நின்றபோதுதான் யோகம்மாவைப் பார்த்தார்.

அவள் மேசைக்கடியில் இருந்தாள். முழங்காலை மார்போடு மடக்கி, இரண்டு கையாலும் பின்மண்டையைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல்.

"யோகம்மா... நான் உன்ன அடிக்க வரலம்மா."

"தெரியும் டாக்டர்," என்றாள் உள்ளிருந்து. "கை தானா வந்திருச்சு."

அவர் அந்தக் கையை, கோணலாகச் சேர்ந்திருந்த விரல்களை, வெகுநேரம் பார்த்தார். "கதிர்காமநாதனா?" என்று கேட்டார். அவள் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைப் பொறுக்கினாள். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாரே என்று எனக்கு அவர் மேலும் கோபம்தான்.

நவம்பரில் பள்ளிக்கூடம் மூடியது. அந்த நாளில் எங்கள் ஆட்கள் வீடுகளிலும் சரி, அவர்கள் ஆட்கள் வீடுகளிலும் சரி, நீண்ட விடுமுறை தொடங்கினால் முதல் சனிக்கிழமை பேதிக்குக் குடிக்கிற நாள். வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய், பின்னாலேயே சுடச்சுடப் பால் விடாத கோப்பி-ஓ, சாயங்காலம்வரை கக்கூஸும் கஞ்சியும். மற்ற வீடுகளில் பிள்ளைகள் ஓடும், தாய் துரத்துவாள், சிரிப்பும் அழுகையுமாக முடிந்துவிடும். கதிர்காமநாதன் வீட்டில் அது தண்டனை நிறைவேற்றுகிற மாதிரி நடக்கும். லிட்டில் இந்தியா மருந்துக்கடையில் எண்ணெய் வாங்கி வந்து, சுடவைத்து, சன்னலெல்லாம் சாத்தி, வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றுவான். வாந்தி எடுத்தால் மறுபடி ஊற்றுவான்.

அந்தச் சனிக்கிழமை நித்தி தகப்பனைவிட உயரம். "எனக்கு வேணாம்பா," என்றான்.

கதிர்காமநாதன் அவன் மூக்கைப் பிடித்தான். பையன் கையைத் தட்டிவிட்டான். பித்தளைத் தம்ளர் உருண்டு, எண்ணெய் தரையெல்லாம் பரவியது. தகப்பன் மகனை அடிக்கவில்லை. அடித்தால் திருப்பி அடிப்பான் என்று கணக்குப் போட்டிருப்பான். திரும்பி யோகம்மாவின் முடியைப் பிடித்தான்.

"ஒப்பீஸ்ல வெளக்கெண்ணெய்தானடி ஆராய்ச்சி பண்ற? நக்குடி. நக்கி எடு!"

அவளை இழுத்துவந்து முகத்தை எண்ணெயில் வைத்துத் தேய்த்தான். மூக்கு தரையில் அடித்து ரத்தம் வந்தது. விலாவில் உதைத்தான். வழுக்கியதால் உதை சரியாக விழவில்லையென்று சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உதைத்தான். நித்தி கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புக் கம்பியை எடுத்தான்.

முதல் அடியில் கதிர்காமநாதனின் கை முறிந்தது. இரண்டாவது முழங்காலில். அவன் எண்ணெயில் விழுந்தான், எழுந்தான், வழுக்கி மறுபடி விழுந்தான். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். பையன் நிறுத்தவில்லை. விழுந்து கிடந்தவன் முதுகில், தோளில், தலையில் என்று கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது. யோகம்மா நிமிர்ந்து மகன் முகத்தைப் பார்த்தாளாம். அதில் கோபம் இல்லை, பயம் இல்லை. சந்தோஷம் இருந்தது. அவள் தவழ்ந்துபோய், தன்னை இத்தனை காலம் மிதித்தவன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அடுத்த அடி அவள் தோளில் விழுந்தது. அதற்கப்புறம்தான் அவன் நின்றான்.

அருந்ததி போன் பண்ணி நான் டாக்ஸி பிடித்துப் போனபோது, கதிர்காமநாதனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மண்டையில் துணி சுற்றியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்," என்று முனகினான். மானம் பெரிதாயிற்றே அவனுக்கு! சத்தியமாக எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வராது.

வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டு லாரிக்காரர் பிச்சைமுத்து, நித்தியின் கையில் குளிர்பானத்தைக் கொடுத்து முதுகில் ஓங்கித் தட்டினார். "சிங்கக்குட்டி லா இவன்! ஆம்பளன்னா இப்பிடி இருக்கணும்!"

ஆளாளுக்கு வந்து தட்டினார்கள். நானும் அவன் தலையில் கை வைத்து, "அல்லாஹ் உன்ன நல்லா வச்சிருக்கட்டும், ராஜா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பையன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

உள்ளே யோகம்மா தரையில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தெருக்கோடிப் போலீஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். அப்பாடா, இப்போதாவது புத்தி வந்ததே என்று நானும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். புருஷன் மேல் எழுதிக் கொடுக்கப் போகிறாள், நான் சாட்சி சொல்லலாம் என்று வழியெல்லாம் மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கினேன்.

அவள் மகன் பெயரைச் சொன்னாள்.

மலாய்க்காரப் போலீஸுக்கே விளங்கவில்லை. அவள் மூக்கிலிருந்த ரத்தத்தைக் காட்டி, இது புருஷன் செய்ததா, மகன் செய்ததா என்று கேட்டார். ரெண்டு பேரும், முதலில் மகனை எழுதுங்கள் என்றாள்.

"பொடோவாடி நீ, மூளை கெட்டவளே?" என்று கத்தினேன். "அவன் உன்ன இத்தன வருஷம் கொன்னப்ப இந்தப் படி ஏறல. காப்பாத்துன பிள்ளைய வந்து காட்டிக் குடுக்கிற! நீயெல்லாம் ஒரு தாயா?"

போலீஸ் வண்டியிலேயே வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை. போலீஸ்காரர் நித்தியின் தோளைத் தொட்டதும் அவன் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது.

"அம்மா!" என்றான். "உனக்காகத்தானேம்மா அடிச்சேன்!"

"இது நியாயமே இல்ல லா, அக்கா," என்றார் பிச்சைமுத்து. "பெத்த தாயக் காப்பாத்துனது குத்தமா?"

யோகம்மா மகனிடம் போனாள். அவன் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"உங்கப்பாவும் பதினாறு வயசுல இப்பிடித்தான்பா அவரோட அப்பாவ அடிச்சுப் போட்டாரு. அவங்கம்மாவக் காப்பாத்தத்தான். ஊரே வந்து முதுகுல தட்டிக் குடுத்துச்சாம். அந்தம்மா, உங்க அப்பாச்சி, அதப் பெருமையாச் சொல்லித்தான் என்னப் பொண்ணு கேட்டாங்க."

பையன் அவளையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தானாகவே வண்டியில் ஏறினான். அவளும் பின்னாலேயே ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.